மலையிற் புகையும் துப்பறிவோன் தருக்கமும்

கள்ளக்குறிச்சியினின்று மேற்கே செல்வோர்க்குக் கச்சிராயபாளையத்தை அடையுமுன்பே கல்வராயன் மலைத்தொடர் கண்ணெதிரே எழுந்து நிற்கும். அடிவாரத்து வயலில் நிற்கும் உழவர் ஒருவர், வெள்ளிமலைப் பக்கத்துச் சரிவொன்றில் புகை கிளம்பக் கண்டு, நெருப்பைத் தாம் பாராதிருந்தும், "அங்கே யாரோ தீ வைத்திருக்கிறார்கள்" என்று சொல்வாராயின், அவர் அந்த ஒரு வாக்கியத்தில் செய்து முடித்த காரியத்தையே லண்டன் நகரத்து அறையொன்றில் அமர்ந்து, கானன் டாயில் படைத்த துப்பறிவோரான ஷெர்லக் ஹோம்ஸ் விரிவாகச் செய்கிறார். துப்பறியும் கதைகளின் விநோதமனைத்தும், கண்டதைக் கொண்டு காணாததை நிச்சயிக்கும் இந்த மனோவியாபாரத்தைச் சார்ந்தே நிற்கிறது.

இதனை நம் தருக்க நூலார் அனுமானம் என்று வழங்கினர். அதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமும் மலையும் புகையுமே. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அதற்கு ஐந்து உறுப்புகள் சொல்கிறார். மலையில் நெருப்பிருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவது ஏது. அடுக்களையில் இரண்டும் சேர்ந்திருக்கக் கண்டது திட்டாந்தம். அத்தகைய புகை இம்மலையிலும் உண்டென்பது உபநயம். ஆகவே நெருப்பும் உண்டென முடிப்பது நிகமனம். இவ்வைந்துக்கும் உயிராயிருப்பது, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் வியாப்தி. அதைத் தலைகீழாக்கினால் நில்லாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை.

உழவரின் வாக்கியத்தை இம்முறையில் சோதிப்போம். மார்கழி விடியலில் மலைமேற் படியும் பனிமூட்டத்தையே அவர் புகையென்று கொண்டிருப்பாராயின், பிழை தருக்கத்தில் அன்று, காட்சியில் உள்ளது. புகை மெய்யானால் நெருப்பும் மெய். ஆனால் 'யாரோ வைத்தார்கள்' என்பது அந்தப் புகை சொல்லாத செய்தி. இடி விழுந்தும் காடு பற்றலாமன்றோ? சரியாகக் காண்டல், காரிய காரண சம்பந்தத்தை அறிந்திருத்தல், அடையாளம் தாங்குமளவுக்கு மேல் முடிவு கூறாதிருத்தல் ஆகிய மூன்றும் கூடியதே துப்பறிவோனுடைய வித்தை.

பண்டித நடேச சாஸ்திரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'அலகேச கதை' என்னும் பழந்தமிழ்க் கதையில் இவ்வித்தை அழகுற விளங்குகிறது. காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிவரும் வணிகனிடம், அதனை ஒருபோதும் கண்டிராத நான்கு இளைஞர்கள், அது நொண்டி என்றும், வலக்கண் குருடு என்றும், குட்டை வால் உடையதென்றும், வயிற்றுநோயால் வருந்துவதென்றும் ஒவ்வொன்றாகக் கூறவே, அவர்களே கள்வரென்று அவன் அரசனிடம் முறையிடுகிறான். அரசன் வினவ, அவர்கள் காரணம் காட்டுகின்றனர்: ஒரு காலின் சுவடு மட்டும் குறையுடையதாயிருந்தது, வழியின் இடப்புறத்துத் தழையே மேயப்பட்டிருந்தது, பூச்சிகளை ஓட்ட வால் எட்டாமையால் கடிவாயினின்று குருதித் துளிகள் சிந்தியிருந்தன, முன்னங்கால்கள் அழுந்தப் பதிந்திருக்கப் பின்னங்கால்கள் நிலத்தை அரிதாகவே தீண்டியிருந்தன. அரசன் மகிழ்ந்து அவர்களை அமைச்சராக்கிக்கொண்டான்.

எனினும், வலப்புறத்து மரங்கள் ஒட்டகம் உண்ணாத சாதியாக இருந்திருக்கலாம். குருதி வேறொரு புண்ணினின்று வந்திருக்கலாம். இச்சாத்தியங்களை இளைஞர்கள் எவ்வாறு விலக்கினர் என்று கதை சொல்வதில்லை, அரசனும் கேட்பதில்லை.

மேனாட்டுக் கதைகளிலும் இந்த நிலையே காணப்படும். 1887-இல் வெளிவந்த முதற்கதையிலேயே ஹோம்ஸ், தாம் அதுவரை அறியாத வாட்சன் என்னும் இராணுவ வைத்தியரைக் கண்டவுடன் அவர் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தவர் என்கிறார். வைத்தியர் சாயலும் இராணுவ நிமிர்வும் கூடியிருத்தல், முகம் கறுத்து மணிக்கட்டு வெளுத்திருத்தல், உடல் மெலிவு, இடக்கை விறைப்பு ஆகியவை அவர் கூறும் ஏதுக்கள். ஆனால் 1879-இல் தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களோடு போர் செய்து மீண்ட இராணுவ வைத்தியருக்கும் இந்த அடையாளங்கள் அனைத்தும் பொருந்துமே! ஹோம்ஸ் தவறாததற்குக் காரணம், விடையை முன்னமே அறிந்த கானன் டாயில், அவ்விடைக்கேற்ற அடையாளங்களைத் தேர்ந்து வைத்ததே. நோயாளி வாய்திறக்குமுன் அவர் தொழிலையும் ஊரையும் கூறவல்ல எடின்பரோ வைத்தியர் ஜோசப் பெல், டாயிலுக்கு ஆசிரியர். ஆனால் பெல்லின் திறமைக்குப் பின்னே எத்தனையோ நோயாளிகளைக் கண்டு தேர்ந்த வியாப்தி ஞானம் இருந்தது.

இல்லாமையும் ஓர் ஏதுவாகும். 1892-இல் வெளியான பந்தயக் குதிரைக் கதையில், இரவில் லாயத்து நாய் குரைக்கவில்லை என்பதிலிருந்து, குதிரையைக் கொண்டுபோக வந்தவன் அதற்குப் பழகியவன் என்று ஹோம்ஸ் துணிகிறார். மீமாம்சை என்னும் தத்துவ நெறியினருள் பாட்டர் எனப்படுவோர், காணாமையையே அனுபலப்தி என்னும் தனிப் பிரமாணமாக, அதாவது அறிவுக்குரிய தனி வழியாகக் கொண்டவர்கள். அவர்களும், இருந்தால் கண்டிருக்கக்கூடிய பொருளின் காணாமைக்கே அந்த மதிப்பைத் தருவர். குரைக்கும் சுபாவமுள்ள நாயின் மௌனமே சாட்சியாகும்.

விடைக்கேற்ற அடையாளங்களை ஆசிரியரே தேர்ந்து வைக்கும் சலுகை கதையில் கிட்டும், நீதிமன்றத்தில் இல்லை. 1984-இல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர வழக்கொன்றில், சந்தர்ப்ப சாட்சியத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது, குற்றத்தை ஒழித்த பிற ஊகங்களனைத்தையும் அச்சாட்சியங்கள் விலக்கவேண்டும் என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தது. ஆதலால், துப்பறியும் கதையைக் கையிலெடுக்கும் வாசகர், நாயகன் முடிவு கூறும் ஒவ்வோரிடத்திலும், இதே அடையாளத்தை வேறெது விளைத்திருக்கக்கூடும் என்று வினவிப் பழகுவாராயின், கதையின் இன்பமும் குறையாது, செய்தித்தாளையும் அக்கம்பக்கத்துப் பேச்சையும் அளந்து கொள்ளும் விவேகமும் கைவரும்.