மலிவு மாண்டலின் வாங்கப் போறீங்களா? குதிரையைக் கவனிங்க

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பொண்ணு மாண்டலினைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி என் மேஜை மேல் கொண்டுவந்து வைத்தாள். "வேண்டாம் மாமா. எனக்கு ஸ்வர ஞானமே இல்ல. சார் ஒவ்வொரு கிளாஸ்லயும் சுருதி சேரலைங்கறார்."

பதினாலு வயசு. அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு பஸ் பிடித்துப் போய் ஆறு மாசமாகக் கற்றுக்கொண்டிருந்தாள். முதல் ஐந்து மாசம் ஒரு புகாரும் இல்லை. கடைசி மாசம்தான் திடீரென்று இப்படி. அந்த ஒரு மாசத்தில் என்ன மாறியது என்று யோசித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. துருப்பிடித்த தந்திகளை மாற்றித் தருகிறேன் என்று வாத்தியத்தில் கை வைத்தவன் நான்தான்.

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். மாண்டலின் வாங்க நினைப்பவர்களுக்கு நான் தெரிந்துகொண்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எந்த மாண்டலின்?

நம்ம ஊரில் மாண்டலின் என்றதும் ஸ்ரீநிவாஸ் ஞாபகம்தான் வரும். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். 1981 டிசம்பர் சீசனில் இண்டியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் சென்னையின் முதல் கச்சேரி. அப்போது 12 வயசு. அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்தி போட்ட எலெக்ட்ரிக் வாத்தியம். கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு: எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு ஜோடி, மின்சாரம் வேண்டாத மர வாத்தியம். ஜோடித் தந்தியை இழுத்து கமகம் பிடிப்பது கஷ்டம். இரண்டையும் ஒரே அளவு இழுத்தால்தான் பேசும். ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திக்குப் போனதன் நியாயம் அதுதான்.

அதற்காகப் புதிதாகப் படிக்கிறவர் எலெக்ட்ரிக் மாண்டலினும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி ஆக வேண்டும் என்றில்லை. எட்டுத் தந்தி வாத்தியத்தின் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டால் நாலு ஒற்றைத் தந்தி ஆகிவிடும். மாண்டலினின் வழக்கமான சுருதி வயலினுடையதேதான்: ஜி, டி, ஏ, இ. இதில் ஏ தந்தியை ஜி-க்கும், இ தந்தியை டி-க்கும் இறக்கினால் ச-ப-ச-ப வந்துவிடும், ஐந்து கட்டை சுருதி. தந்தி கொஞ்சம் தளர்வதால் விரலுக்கும் வலி குறைவு. முதலில் வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்க. அவர் எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்றால் வாக்குவாதம் வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிகல் இருக்கிறது. மயிலாப்பூர் லஸ் பக்கமும் வாத்தியக் கடைகள் உண்டு. நேரில் போவது நல்லது, ஏனென்றால் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் விஷயங்கள் நாலு.

கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்க. வில் மாதிரி வளைந்தோ முறுக்கியோ இருந்தால் வேறு கேளுங்க. எட்டுத் தந்தியின் இழுப்பும் சேர்ந்தால் ஒரு பெரிய ஆளின் எடை அளவுக்கு வரும். ஏற்கெனவே வளைந்த கழுத்து நாளாக ஆக இன்னும்தான் வளையும்.

ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டுங்க. ஒரு மெட்டில் மட்டும் 'டர்ர்' என்று அதிர்ந்தால் அதற்குப் பக்கத்து மெட்டு தூக்கிக்கொண்டிருக்கலாம்.

பிரடையைத் திருகும்போது சீராகச் சுற்ற வேண்டும். கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டுத் திடீரென்று பிடித்தால் சுருதி நிற்காது.

குதிரையின் இரண்டு பக்கமும் உயரம் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரங்கள் உண்டா பாருங்க. விலை மலிவான வாத்தியத்தில் இது இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

வீட்டில் சரிசெய்வது

மலிவு வாத்தியம் பெரும்பாலும் தந்தி தூக்கலாகத்தான் வரும். அழுத்தினால் விரல் நுனி வெட்டுப்படுகிற மாதிரி வலிக்கும். நிறைய பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அளக்கத் தனிக் கருவி வேண்டாம், உங்கள் ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். இரண்டு கார்டை ஒன்றாகச் சேர்த்து 12-வது மெட்டுக்கு மேல், தந்திக்கு அடியில் நுழையுங்க. இரண்டு உரசாமல் போய், மூன்று போகாமல் முட்டினால் உயரம் சரி. மூன்றும் தாராளமாகப் போனால், தந்திகளைத் தளர்த்திவிட்டு குதிரைச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்க. தளர்த்தாமல் திருகினால் மரை கெட்டுவிடும்.

கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும். அதற்கு நட் என்று பெயர். இரண்டாவது, மூன்றாவது மெட்டுக்கு நடுவில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டைப் பாருங்க. தந்திக்கும் மெட்டுக்கும் நடுவில் ஒரு தலைமுடி நுழையும் இடைவெளி போதும். அதிகம் இருந்தால் பள்ளத்தை அராவ வேண்டும். இதை மட்டும் வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்க. அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இனி முக்கியமான விஷயம். வீணை வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: வீணையில் குதிரை நிலையாக இருக்கும், 24 மெட்டையும் மெழுகின் மேல் நகர்த்தி மேளம் கட்டுவார்கள். மாண்டலினில் இது நேர் தலைகீழ். மெட்டுகள் கழுத்தில் அடித்துப் பதித்தவை, அசையாது. குதிரைதான் நகரும். அதுவும் ஒட்டப்படவில்லை. தந்தியின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. மெட்டுகளின் கணக்கெல்லாம் குதிரை ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு.

அந்த இடம் எது? நட்டிலிருந்து 12-வது மெட்டு வரை அளங்க. அதே தூரம் 12-வது மெட்டிலிருந்து குதிரை வரை இருக்க வேண்டும். வழக்கமான மாண்டலினில் ஒரு பாதி சுமார் 176 மில்லிமீட்டர். தடித்த தந்திப் பக்கம் மட்டும் குதிரை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி இருக்கும்.

ஸ்கேல் வைத்து அளந்த பிறகு காதால் சரிபாருங்க. 12-வது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அடுத்து அதே மெட்டை அழுத்தி மீட்டுங்க. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் குதிரையை வால் பக்கம் நகர்த்தணும். குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். காதில் சந்தேகம் இருந்தால் போனில் ட்யூனர் செயலி இருக்கிறது.

நான் செய்த தப்பு

எட்டுத் தந்தியையும் ஒரே மூச்சில் கழற்றினேன். குதிரை கையோடு வந்துவிட்டது. நல்லதாய்ப் போச்சு என்று அடியில் இருந்த தூசியைத் துடைத்து, கண்ணளவில் வைத்துப் புதுத் தந்தி போட்டேன். திறந்த தந்திகளை ட்யூனரில் சேர்த்தேன், எல்லாம் பச்சை விளக்கு. சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது குதிரை 5 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. கணக்குப் போட்டால், 12-வது மெட்டில் ஸ்வரம் 24 சென்ட் குறையும். பக்கத்துப் பக்கத்து மெட்டுக்கு நடுவில் 100 சென்ட், அதில் கிட்டத்தட்ட கால் பங்கு. 7-வது மெட்டில், அதாவது பஞ்சமத்தில், 12 சென்ட் குறைவு. பக்கத்துத் திறந்த தந்தியின் பஞ்சமத்தோடு உரசினால் யாருக்கும் கேட்கும். திறந்த தந்தி மட்டும் சரியாக இருக்கும். அதனால் ட்யூனர் வைத்துச் சுருதி சேர்க்கும்போது தப்பு தெரியவே தெரியாது. வாசிக்க வாசிக்க மேலே போகப் போகக் கெடும். கேட்கிறவருக்கு வாசிப்பவள் தப்பு செய்கிற மாதிரிதான் இருக்கும்.

அவள் காது சரியாகவே இருந்தது. ஏதோ சேரவில்லை என்று அவளுக்குத் தெரிந்ததால்தான் ஒரு மாசம் அவ்வளவு சிரமப்பட்டாள். வாத்தியத்தைச் சந்தேகப்படலாம் என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

குதிரையை நகர்த்தி, "ஜண்டை வரிசை வாசி" என்றேன். இரண்டாவது வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். "அப்போ சார்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க மாமா" என்றாள். அடுத்த கிளாஸுக்குப் போய்ச் சொன்னேன்.

எனவே தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுங்க, ஒன்றைப் போட்டு முறுக்கிய பிறகே அடுத்ததைக் கழற்றுங்க. குதிரை நிற்கும் இடத்தில் பென்சிலால் லேசாகக் குறி வையுங்க. இந்த ஊர் கடற்காற்றுக்கும் வியர்வைக்கும் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்க. மழைக்காலத்தில் மரம் ஊறிக் கொஞ்சம் உப்பும், அப்போது கார்டு வைத்து மறுபடி அளங்க. ஆன்லைனில் வாங்கியதென்றால் குதிரை படுத்தோ தனியாகவோ வரலாம், முதல் நாளே அளந்து நிறுத்துங்க.

அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் இப்போது மாண்டலின் பையிலேயே இருக்கிறது. மாசம் ஒரு தடவை அவளே அளந்து பார்த்துக்கொள்கிறாள். என்னைத் தொட விடுவதில்லை.