பெண்மக்களும் நில உரிமையும்

விதை நெல்லைப் புடைத்துப் பத்திரப்படுத்துவதும், நாற்று நடுவதும், களை எடுப்பதும், கறவைகளைப் பேணுவதும் பெரும்பாலும் பெண்மக்களின் வேலைகளே என்பது குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். ஆயினும் அவர்களுடைய பெயர் பட்டாவிற் காணப்படுவது அரிதாகவே இருந்து வருகிறது. மணமாகிப் புக்ககம் செல்பவளுக்குச் சீர்வரிசையே பங்கு என்னும் பழைய எண்ணம் இதற்கு முக்கிய காரணமாகும்.

சட்டமோ இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயில் எழுதாது விட்டுச்சென்ற சுயார்ஜித சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு அளித்தது. பிதிரார்ஜித நிலத்தில் மட்டும் பிறப்புரிமை மகனுக்கே இருந்தது. 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அவ்வுரிமையை மகளுக்கும் வழங்கிற்று; எனினும் அத்தேதிக்கு முன் மணமானவர்களை அது சேர்க்கவில்லை. 2005 செப்டம்பர் 9-இல் அமலான மத்திய திருத்தம் இந்நிபந்தனையையும் நீக்கிற்று. அத்தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுவதில்லை என 2020 ஆகஸ்டு 11-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்தேறிய பாகப்பிரிவினைகளும் விற்பனைகளும் மாத்திரம் இதனாற் பாதிக்கப்படுவதில்லை.

இங்ஙனமிருந்தும், யாதொரு ஈடுமின்றிச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் நின்றபாடில்லை. பிறந்தகத்து உறவு அற்றுப்போகுமோ என்றஞ்சி அவர்களும் கையொப்பமிடுகின்றனர். பின்னாளில் கணவனை இழந்து தனித்து நிற்கும்போது, பட்டா இல்லாமையாற் பயிர்க்கடன் பெறுவதும் அவர்களுக்கு அரிதாகின்றது. நில ஆவணத்தைக் கொண்டு வருஷத்திற்கு 6,000 ரூபாய் வழங்கப்படும் கிஸான் உதவித்தொகையும் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை.

மகளுக்குப் பங்களித்தால் நிலம் துண்டுபடும் என்பர் சிலர். சகோதரர் நால்வர் பிரித்துக்கொள்ளும்போதும் நிலம் துண்டுபடவே செய்கிறது. கூட்டுப் பட்டாவில் எல்லோர் பெயரையும் சேர்த்து, ஒருவரே சாகுபடி செய்து, மற்றவர்களுக்கு விளைவிற் பங்கோ குத்தகையோ அளித்துவரின் இக்குறை நேராது.

ஆதலின் நிலமுடையோர், தாம் உயிருடன் இருக்கும்போதே மகளிர் பங்கைத் தெளிவாக எழுதிப் பதிவு செய்து வைத்தல் நலம். வாரிசு விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர், மணமாகி வெளியூரிலுள்ள பெண்களின் பெயரையும் விடாது கேட்டெழுதுதல் வேண்டும். விடுபட்ட ஒரு பெயரை மீண்டும் சேர்க்கப் பல வருஷம் கோர்ட்டு வாசலில் நிற்க நேரிடும்.