ஒரு லட்ச ரூபாய் காரும் ஆயிரம் ஏக்கர் நிலமும்

புது தில்லி பிரகதி மைதானத்தில் 2008-ம் ஆண்டு ஜனவரி 10-ம் தேதி நடைபெற்ற வாகனக் கண்காட்சியில், சின்னஞ்சிறு கார் ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார் ரத்தன் டாடா. வரி நீங்கலாக ஒரு லட்சம் ரூபாய் என்று விலை அறிவிக்கப்பட்ட அந்த "நானோ' உலகின் கவனத்தை ஈர்த்தது. அதே வேளையில், அந்தக் கார் தயாராக வேண்டிய மேற்கு வங்க மாநிலம் சிங்கூரில், நிலத்தைத் திருப்பித் தருமாறு விவசாயிகள் போராடிக் கொண்டிருந்தனர். 2024-ம் ஆண்டு அக்டோபர் 9-ம் தேதி தமது 86-வது வயதில் மறைந்த அந்தத் தொழிலதிபரின் வாழ்க்கையை மதிப்பிடுவோர் இவ்விரு காட்சிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வாரிசும் வாகனமும்: அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற ரத்தன் டாடா, 1962-ல் குடும்பத் தொழிலில் சேர்ந்தார், 1991-ல் ஜே.ஆர்.டி. டாடாவுக்குப் பின் குழுமத் தலைவரானார். தாய் நிறுவனமான டாடா சன்ஸின் சுமார் 66 சதவீதப் பங்குகள் அறக்கட்டளைகளிடம் இருப்பதால், அவரிடம் இருந்தது தலைமைப் பொறுப்பே தவிர, குழுமம் அவரது சொந்தச் சொத்து அல்ல.

அவருடைய தனிப்பட்ட நாட்டம் இயந்திரங்கள் மீதுதான். ஃபெராரி போன்ற கார்களைத் தாமே ஓட்டி மகிழ்ந்தவர் அவர். 2007-ல் பெங்களூரு விமானக் கண்காட்சியில் எஃப்-16 போர் விமானத்தில் துணை விமானியாகப் பறந்தார். இந்த ஆர்வமே, லாரி தயாரிப்பில் பெயர் பெற்ற நிறுவனத்தைக் கார் சந்தைக்கு இழுத்து வந்தது. 1998-ல் வெளிவந்த இண்டிகா, முழுக்க உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட கார் என்ற பெருமையைப் பெற்றது. ஆயினும் 2000-2001 நிதியாண்டில் நிறுவனம் சுமார் ரூ.500 கோடி நஷ்டத்தைச் சந்தித்தது. அதிலிருந்து மீண்ட அதே நிறுவனம், 2008-ல் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகியவற்றை 230 கோடி டாலருக்கு வாங்கியது.

சிங்கூர் எழுப்பிய கேள்வி: மழையில் ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் கொண்ட குடும்பம் செல்வதைக் கண்டதே நானோவுக்குத் தூண்டுதல் என்று அவர் கூறி வந்தார். நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால், அதற்காக புத்ததேவ் பட்டாச்சார்யா தலைமையிலான இடதுசாரி அரசு 1894-ம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்தைக் கொண்டு 997 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. நிலம் தர மறுத்தவர்களின் குரல் பொருட்படுத்தப்படவில்லை. 2006 டிசம்பரில் மம்தா பானர்ஜி 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2008 செப்டம்பரில், ராஜாஜியின் பேரனும் அன்றைய ஆளுநருமான கோபாலகிருஷ்ண காந்தி மேற்கொண்ட சமரச முயற்சியும் பலன் தரவில்லை. அக்டோபர் 3-ம் தேதி டாடா வெளியேறினார். தொழிற்சாலை குஜராத்தின் சாணந்துக்குப் போனது. 2011-ல் 34 ஆண்டுக்கால இடதுசாரி ஆட்சியும் முடிவுக்கு வந்தது.

ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்கள் என்று திட்டமிடப்பட்ட நானோ, எந்த ஆண்டிலும் ஒரு லட்சம் விற்பனையைக்கூட எட்டவில்லை. "மலிவான கார்' என்ற முத்திரையே அதற்குப் பகையானதை ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். 2018-ல் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோனது.

எஞ்சியது என்ன? நிலம் கையகப்படுத்தப்பட்டது செல்லாது என்று 2016 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, நிலத்தை விவசாயிகளிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. கான்கிரீட் கலந்த மண்ணில் முன்போல் விளைச்சல் இல்லை என்பது அவர்களில் பலரின் குறை. மறுபுறம், டாடா மோட்டார்ஸுக்கு ரூ.765.78 கோடியும் வட்டியும் வழங்குமாறு மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு 2023-ல் நடுவர் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அரசு செய்த தவறுக்கான விலை மக்களின் வரிப்பணத்தின் மீதே விழுந்தது.

சிங்கூர், நந்திகிராம் போராட்டங்களின் விளைவாகவே 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்துதல் சட்டம் பிறந்தது. தனியார் திட்டங்களுக்கு நிலம் எடுக்கப் பாதிக்கப்படுவோரில் 80 சதவீதத்தினரின் சம்மதம் தேவை என்றது அச்சட்டம். அதைத் தளர்த்த 2014 இறுதியில் மத்திய அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம், எதிர்ப்பு காரணமாக 2015-ல் காலாவதியானது. எனினும் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் தனித் திருத்தங்கள் மூலம் அந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிட்டன.

ஸ்கூட்டரில் நனைந்து சென்ற குடும்பத்தின் மீது ஒரு தொழிலதிபருக்கு இரக்கம் பிறந்தது பாராட்டுக்குரியது. அந்த இரக்கத்தின் செலவை இன்னொரு ஏழைக் குடும்பத்தின் வயலில் எழுதிய அரசின் பிழை மன்னிக்கத்தக்கதல்ல. தொழிற்சாலைகள் தேவை, அவற்றுக்கு நிலமும் தேவை. ஆனால் உழுபவனைக் கேட்டபின் எடுக்கும் நிலத்தில் எழும் ஆலைதான் நிலைக்கும்.