அப்பாவின் குரங்குக் குல்லா

நான் வாரம் மூன்று நாள் கணக்கு எழுதப் போகும் சென்னை ஆபீஸுக்கு டெல்லிக்காரர் ஒருவர் மாற்றலாகி வந்தார். ஜனவரி மாதம். எங்கள் ஹெட்கிளார்க் கழுத்தில் மஃப்ளர், காதில் பஞ்சு. புது ஆள் அரைக்கைச் சட்டையோடு வந்தார், நேரே போய் ஃபேனை ஐந்தில் வைத்தார். ஆபீஸே அலறியது.

"வெளியில எத்தனை டிகிரி?"

"இருபது ஸார்!"

"எங்க ஊர்ல ஏ.ஸி.யையே இருபதுலதான் வைப்போம்!"

அவர் சொல்வது நியாயம்தான். சென்னையில் இதுவரை பதிவானதிலேயே குறைவு 13.9 டிகிரி. அதுவும் 1905 ஜனவரியில். அதிகபட்சமோ 2003 மே 31-ல் 45 டிகிரி! வெயிலில் நாம் சதமடிக்கிற டீம், குளிரில் டெயில் எண்டர்.

காரணம் பக்கத்திலேயே இருக்கிற கடல். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், நிலம் கரண்ட் அக்கவுண்ட். பகலில் போட்ட வெயிலை ராத்திரியே எடுத்து விடும். கடல் ஃபிக்ஸட் டெபாசிட். சூடு ஏறவும் நாளாகும், இறங்கவும் நாளாகும். அதனால்தான் மெரினாவை விட மீனம்பாக்கத்தில் விடியற்காலை கொஞ்சம் அதிகமாக நடுங்குகிறது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று வங்கக்கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கொட்டும். நம் வருஷ மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாசம்தான். சமயத்தில் கணக்குத் தப்பும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.! மழை விலகினால் வறண்ட காற்று, மேகமில்லாத ராத்திரி. பூமியின் சூடெல்லாம் மேலே பறக்க, பனி இறங்கும். அதுதான் நம்ம 'குளிர்காலம்'.

எங்கள் அப்பா இதற்குப் பயந்து நவம்பரிலேயே குரங்குக் குல்லாவை எடுத்து விடுவார். பிரவுன் கலர். அதைப் போட்டுக்கொண்டு அஞ்சரை மணிக்கு வாக்கிங். "என்னப்பா, எவரெஸ்ட்டுக்கா கிளம்பிட்டீங்க?" என்பேன். "சிரிடா, சிரி. நாற்பதைத் தாண்டு, தெரியும்" என்பார்.

2018 போகி. ஜனவரி 13. அன்றைக்கு மட்டும் "குல்லா இல்லாமத்தான் போயிட்டு வாங்களேன், ஊரே சிரிக்குது" என்றேன். மனுஷர் ரோஷத்தில் வெறும் தலையோடு கிளம்பினார். தெருவெல்லாம் டயரும் பாயும் எரிந்துகொண்டிருந்தன. ஏர்போர்ட்டில் விமானம் இறங்க முடியாத அளவுக்குப் புகை. ஆறே காலுக்கு வாசல்படியில் உட்கார்ந்தவரால் பேச முடியவில்லை. விசில் மாதிரி மூச்சு. ஆட்டோவில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

மாஸ்க்கில் மருந்துப் புகை வைத்து மூச்சைச் சரிபண்ணிய டாக்டர் என்னைத் திட்டினார், குல்லாவுக்காக அல்ல. "வீஸிங் இருக்கிறவரை இந்த நேரத்துல ஏன் வெளியே விட்டீங்க?"

விஷயம் இதுதான் ஸார். சாதாரணமாகக் கீழே இருக்கும் சூடான காற்று, புகையையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். தை மாசத்துக்கு முந்தின விடியற்காலையில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடுகிறது. அதன் மேல் வெதுவெதுப்பான காற்று தட்டு போட்டு மூடின மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வீசுவதற்குக் காற்றும் இல்லை. டயர் புகை, பஸ் புகை எல்லாம் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். அஞ்சரை மணி 'சுத்தமான காத்து' என்று நாம் நினைப்பது அந்த சீஸனுக்குப் பொருந்தாது.

இப்போது அப்பாவின் வாக்கிங் எட்டு மணிக்கு. குல்லா இல்லாமல்தான் போகிறார். அது என்னிடம் இருக்கிறது. டூவீலரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை ஆறு மணிக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள், காது என்ன பாடுபடும் என்று தெரியும். ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் வாசலில் நின்று பார்த்தவர் கேட்டார்: "என்னடா, எவரெஸ்ட்டுக்கா?"