மகிழ்ச்சி என்பது யாது? ஏன் அது ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது?

மாணவர்களே, கட்டுரை வினாவில் "மகிழ்ச்சி" என்றோ "இன்ப வாழ்வு" என்றோ ஒரு தலைப்பு தரப்பட்டால், பலரும் "மகிழ்ச்சி என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது" என்று தொடங்குவர். சிலர் அதனுடனேயே நிறுத்தியும் விடுவர். இவ்வாக்கியம் பிழையானதன்று. ஆயினும் அது எதனையும் விளக்குவதில்லை. ஒரே விடயம் ஒருவருக்கு இன்பமாகவும் மற்றொருவருக்குத் துன்பமாகவும் ஏன் அமைகின்றது என்பதே விளக்கப்பட வேண்டியதாகும். அதற்கு மாத்தளை மாவட்டத்திலுள்ள தம்புள்ளை நகரை நாம் உதாரணமாகக் கொள்வோம்.

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்து கரட், லீக்ஸ், கோவா என்பனவும், உலர் வலயத்திலிருந்து பூசணி, கத்தரி, பெரிய வெங்காயம் என்பனவும் இங்கு வந்து சேர்கின்றன. பின்னர் இங்கிருந்து லொறிகளில் நாட்டின் பல பாகங்களுக்கும் செல்கின்றன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த கடும் மழையினால் மரக்கறிச் செய்கை பாதிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட்டின் சில்லறை விலை 2000 ரூபாவையும் தாண்டியது. இச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவர் யார்? மழைக்குத் தப்பிய பாத்திகளை வைத்திருந்த விவசாயி மகிழ்ந்திருப்பார். அயல் தோட்டத்தில் கரட் அழுகிப்போன விவசாயிக்கோ அதே விலை வயிற்றெரிச்சலையே தந்திருக்கும். கடையில் கால் கிலோ வாங்க நினைத்தவர் நூறு கிராமுடன் வீடு திரும்பியிருப்பார். இன்னொருவரையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவர் மூட்டைக் கணக்கில் கூலி பெறும் சுமை தூக்கும் தொழிலாளி. விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, வரும் மூட்டைகளின் எண்ணிக்கையே அவரது அன்றைய நாளைத் தீர்மானிக்கின்றது. ஆகவே விளைச்சல் குறைந்து விலை உச்சத்திற்குச் சென்ற நாள், அவருக்குக் கூலி குறைந்த நாளாகும்.

இங்கு வேறுபட்டிருப்பது இவர்களுடைய மனம் மட்டுமன்று. இவர்கள் நிற்கும் இடமே வேறுபட்டுள்ளது. புறநானூற்றின் 194ஆம் பாடலைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப்பறை ஒலிக்க மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிப்பதைக் காட்டுகின்றார். தம்புள்ளைச் சந்தையில் இவ்விரண்டு ஒலிகளும் ஒரே விலைப்பட்டியலிலிருந்தே எழுகின்றன.

இனி, மகிழ்ச்சி எவற்றிலிருந்து பிறக்கின்றது என முன்னோர் கருதினர் என்பதை நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று உவகை. உவகை தோன்றுவதற்கு அவர் நான்கு நிலைக்களன்களைக் காட்டுகின்றார். அவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பனவாகும். புலன் என்பதற்கு அறிவு என்றும், புணர்வு என்பதற்கு அன்புடையார் கூடியிருத்தல் என்றும் பொருள் கொள்ளலாம். விளையாட்டையும் அவர் இப்பட்டியலில் சேர்த்திருப்பதைப் பரீட்சைக் காலத்தில் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுதல் நன்று!

பௌத்தத்திலும் நான்கு என்ற எண்ணிக்கையிலேயே ஒரு பட்டியல் உண்டு. அனாதபிண்டிகர் என்னும் செல்வந்தருக்குப் புத்தர் உபதேசித்ததாக அங்குத்தர நிகாயம் கூறும் இல்லறத்தாரின் நான்கு சுகங்கள் அவையாகும். நேர்வழியில் ஈட்டிய பொருளை உடைமை, அதனை அனுபவித்தல், கடனின்மை, குற்றமற்ற நடத்தை என்பனவே அந்நான்கு. இறுதியில் கூறப்பட்ட குற்றமின்மையே ஏனைய மூன்றையும் விட மிக உயர்ந்ததாக அங்கு மதிக்கப்படுகின்றது.

இரண்டு பட்டியல்களிலும் பொருள் இடம்பெற்றுள்ளது. அதாவது, வறுமையில் வாடுபவனிடம் "மனத்தை மாற்றிக்கொள், மகிழ்ச்சி வரும்" என்று இவை கூறவில்லை. அதற்கு அப்பால் இரண்டும் பிரிகின்றன. ஒன்று விளையாட்டையும் அன்பையும் நாட, மற்றையது கடனின்மையை நாடுகின்றது. நகையை அடகு வைத்து விதை வெங்காயம் வாங்கிய ஒரு குடும்பத்திடம் இவ்விரு பட்டியல்களையும் காட்டினால், எந்தச் சொல்லில் அவர்களுடைய விரல் முதலில் படும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வேறுபாட்டிற்கு இன்னொரு காரணம் எதிர்பார்ப்பு ஆகும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மக்கள் நாட்கணக்கில் வரிசைகளில் காத்திருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை அறிமுகமானபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. அந்த 4 லீற்றரைப் பெற்று முகம் மலர்ந்தவர்கள், ஓராண்டுக்கு முன்னர் அதே அளவைப் பெற்றிருந்தால் மகிழ்ந்திருப்பார்களா?

எதிர்பார்ப்பு எதிர்த்திசையிலும் வேலை செய்கின்றது. 1978இல் அமெரிக்க உளவியலாளர் பிலிப் பிரிக்மனும் அவரது சகாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டில் பெரும் பணம் வென்ற 22 பேரை, வெல்லாத 22 பேருடன் ஒப்பிட்டனர். வென்றவர்கள் மற்றவர்களை விடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை. நண்பருடன் பேசுதல், தொலைக்காட்சி பார்த்தல் போன்ற சிறிய விடயங்களில் அவர்கள் பெற்ற இன்பம் மற்றவர்களை விடக் குறைவாகவே காணப்பட்டது. சிறிய ஆய்வாயினும் இது பலராலும் எடுத்துக்காட்டப்படுகின்றது. உங்கள் வகுப்பிலும் இதனைக் காணலாம். பெறுபேறு வெளியாகும் நாளில் எட்டு "ஏ" சித்தியும் ஒரு "பி" சித்தியும் பெற்ற மாணவி அழுதுகொண்டிருப்பாள். கணிதத்தில் "எஸ்" சித்தி கிடைத்ததற்காக அருகில் ஒருவன் துள்ளிக் குதிப்பான்.

சந்தையின் இரைச்சலிலிருந்து சிறிது தூரம் சென்றால் தம்புள்ளைக் குகை விகாரை அமைந்துள்ள பாறையை அடையலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஆட்சியை இழந்த வலகம்பா மன்னன் இங்கு மறைந்து வாழ்ந்து, அரசை மீட்ட பின்னர் விகாரையை அமைத்ததாக மரபு கூறுகின்றது. 1991இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாகப் பிரகடனப்படுத்தியது. இரண்டாவது குகையின் கூரை ஓவியங்களில், புத்தர் ஞானம் பெறுவதற்கு முன்னர் மாரனுடைய படை அவரைத் தாக்குவதையும், மாரனின் புதல்விகள் அவரை மயக்க முயல்வதையும் காணலாம். அச்சமும் இன்பமும் ஒரே கூரையில், ஒரே தடையின் இரு முகங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. கீழே சந்தையில் நாம் மகிழ்ச்சி என்று கூறுவதில் ஒரு பகுதி, இங்கு கடந்து செல்ல வேண்டிய ஒன்றாகின்றது. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் துறவைப் போதிக்கவில்லை. எனினும் ஒரு நாளை வைத்து ஒருவரை மகிழ்ச்சியானவர் என்று கூற முடியாது, நற்பண்புடன் வாழ்ந்த முழு வாழ்வையும் நோக்க வேண்டும் என்றார். அன்றாடக் கூலி பெறுபவருக்கு மாலை வரையிலான நேரமே அளவாகலாம். துறவிக்கும் தத்துவவாதிக்கும் அளவு மிக நீண்டது.

இவ்வாறு பலவிதமாக இருப்பதனை அளக்க முடியுமா? 2012 முதல் வெளியிடப்பட்டு வரும் உலக மகிழ்ச்சி அறிக்கைக்காக, மக்களிடம் ஓர் ஏணியைக் கற்பனை செய்யுமாறு கூறப்படுகின்றது. உங்களுக்கு இயலக்கூடிய மிகச்சிறந்த வாழ்க்கை 10ஆம் படி. மிக மோசமானது 0. நீங்கள் எப்படியில் நிற்கின்றீர்கள்? உச்சிப் படியில் என்ன இருக்கின்றது என்பதைக் கேட்பவர் கூறுவதில்லை, பதிலளிப்பவரே தீர்மானிக்கின்றார். அவ்வாறிருந்தும் விடைகள் தாறுமாறாக அமையவில்லை. 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பின்லாந்து முதலிடம் பெற்றது. 2025இல் இறுதி இடத்தில் இருந்தது நீண்ட காலம் போரினால் துன்புற்ற ஆப்கானிஸ்தான். மகிழ்ச்சி முற்றிலும் மனத்தின் விளையாட்டு எனின் இவ்வொழுங்கு தோன்றியிருக்காது. பூட்டான் தனது 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பில் "மொத்தத் தேசிய மகிழ்ச்சி"யை அரசின் இலக்குகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆனால் மகிழ்ச்சியை அரசின் இலக்காகக் கொள்ளும்போது, யாருடைய மகிழ்ச்சி என்ற வினாவும் உடன் எழுகின்றது. தம்புள்ளைப் பகுதியில் சிறுபோகப் பெரிய வெங்காயம் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை அண்டி அறுவடையாகின்றது. அக்காலத்தில் இறக்குமதி வெங்காயம் மலிவாக வந்து குவிந்தால் விவசாயி கடனைத் தீர்க்க முடியாது. அதனால் இறக்குமதி வெங்காயத்தின் மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை உயர்த்துமாறு விவசாயிகள் கோருகின்றனர். அதனை உயர்த்தினால், வெங்காயத்தை விலைகொடுத்து வாங்கும் தோட்டத் தொழிலாளியின் வீட்டிலும் நகர லயன் வீட்டிலும் சமையற் செலவு கூடுகின்றது. இரு பக்கத்தவரும் ஏழைகளே. விவசாயியின் கடனின்மைக்கும் வாங்குபவரின் வயிற்றுக்கும் இடையில் அமைச்சு ஓர் எண்ணைத் தெரிவு செய்தாக வேண்டும்.

பயிற்சி: உள்ளூர் வெங்காய அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரியை உயர்த்த வேண்டுமா? முதலில் வெங்காயம் விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவராகவும், பின்னர் வாங்கும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவராகவும் உங்களைக் கருதி இரண்டு பந்திகள் எழுதுக. மூன்றாவது பந்தியில் உங்கள் சொந்த முடிவைக் காரணத்துடன் தருக.