கிருமி இல்லாத கொள்ளைநோய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் சீனர்கள் வேலை செய்தார்கள். தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் தமிழர்கள் வேலை செய்தார்கள். மழையும் கொசுவும் இருவருக்கும் பொது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இரு தரப்பிலும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. ஒரு நோய் மட்டும் ஆள் பார்த்து வந்தது. முதலில் கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். பெரிபெரி என்ற அந்த நோய் சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. தமிழர்களை ஏறக்குறைய தொடவே இல்லை.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, இரண்டு கூட்டத்தின் சோற்றுப் பானையையும் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கல் அரிசியையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வேற்றுமை அரிசியில்தான் என்று பிராடன் எழுதினார். மருத்துவ உலகம் அதை உடனே ஏற்கவில்லை.

ஏற்காததற்குக் காரணம் இருந்தது. அது கிருமிகளின் காலம். ராபர்ட் கோக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் காட்டினார்; அடுத்த இரண்டே ஆண்டுகளில் காலராக் கிருமியையும் காட்டினார். எந்த நோய்க்கும் பின்னால் ஒரு நுண்ணுயிர் ஒளிந்திருக்கிறது, தேடினால் அகப்படும் என்ற நம்பிக்கை ஓங்கியிருந்தது. பெரிபெரியோ பார்ப்பதற்கு அப்படியே தொற்றுநோய் போலத்தான் நடந்துகொண்டது. படைமுகாமில் ஒருவருக்கு வந்தால் வரிசையாகப் பலருக்கு வந்தது. சிறைகளிலும் கப்பல்களிலும் மனநோய் விடுதிகளிலும் கூட்டம் கூட்டமாக வந்தது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை மருத்துவர்கள் யோசித்தார்கள். அவர்கள் ஒரே உலைச் சோற்றையும் சாப்பிடுகிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சுமத்ராவின் அச்சேயில் போரிட்ட டச்சுப் படையில் பெரிபெரி பரவியது. காரணம் கண்டுபிடிக்க 1886-ல் பெக்கல்ஹாரிங், விங்க்லர் என்ற இருவர் அனுப்பப்பட்டார்கள். கோக்கின் ஆய்வகத்தில் பயின்ற இளம் ராணுவ மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் அவர்களோடு உதவிக்குப் போனார். நோயாளிகளின் இரத்தத்தில் ஏதோ பாக்டீரியாவைக் கண்டதாக முடிவு செய்து, முகாம்களைக் கிருமிநீக்கம் செய்யச் சொல்லிவிட்டு, மூத்தவர்கள் இருவரும் 1887-ல் நாடு திரும்பினார்கள். இன்று ஜகார்த்தாவாக இருக்கும் படேவியாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டிய சிறிய ஆய்வகத்தில், ஐக்மான் தங்கிவிட்டார்.

அவர் கோழிகளுக்கு நோயாளியின் இரத்தத்தை ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தார். 1889-ல் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. ஆனால் ஊசி போடாத கோழிகளும் தள்ளாடின. தொற்று பரவிவிட்டது என்று நினைத்துப் புதிய கோழிகளைத் தனியே பிரித்து வைத்தார், அவையும் விழுந்தன. பிறகு ஒருநாள் எல்லாக் கோழிகளும் தாமாகவே தேறி எழுந்தன. நோயும் போனது, ஆராய்ச்சிக்கு இருந்த பொருளும் போனது.

இங்கேதான் ஐக்மானின் அருமை தெரிகிறது. அவர் கோழித் தீவனத்தை விசாரித்தார். ஆய்வகப் பணியாளர் செலவை மிச்சப்படுத்துவதற்காக, ஜூன் மாதத்திலிருந்து மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். நவம்பரில் சமையல்காரர் மாறினார். ராணுவத்துச் சோற்றை ராணுவத்தில் இல்லாத கோழிகளுக்குத் தர முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின. நோய் வந்ததும் போனதும் அந்தத் தேதிகளை ஒட்டியே இருந்தன. ஐக்மான் வேண்டுமென்றே வெள்ளை அரிசியைக் கொடுத்துப் பார்த்தார், கோழிகள் விழுந்தன. தவிட்டைச் சேர்த்தார், எழுந்தன.

ஆனால் ஐக்மானால் இதைச் சரியாக விளக்க முடியவில்லை. வெள்ளை அரிசியின் மாவுச்சத்தில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றே பல ஆண்டுகள் நம்பினார். நோய் என்றால் உடலுக்குள் ஏதோ ஒன்று நுழைந்திருக்க வேண்டும். அது கிருமியாக இல்லாவிட்டால் நஞ்சாக இருக்க வேண்டும். ஏதோ ஒன்று இல்லாததால் மனிதன் சாகலாம் என்ற எண்ணத்துக்கு அன்றைய மருத்துவத்தில் இடமே இல்லை. நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இல்லாத பொருள் தெரியாது. இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்: சான்று கையில் இருந்தும், அதைப் படிப்பதற்கான எண்ணம் பிறக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இதற்கிடையில் ஜாவாவின் சிறைகளைப் பார்வையிட்ட ஃபோர்டர்மான் என்ற அதிகாரி, நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளில் ஏறத்தாழ 2,80,000 கைதிகளின் கணக்கை எடுத்தார். தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தீட்டாத அரிசி கொடுத்த இடங்களில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஐக்மானுக்குப் பின் ஆய்வகத்தை ஏற்ற கெரிட் கிரைன்ஸ், தவிடு மட்டுமல்லாமல் பச்சைப்பயறும் கோழிகளைக் காப்பதைக் கண்டு, 1901-ல் சரியான விடையைச் சொன்னார். உணவில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு பொருள் நரம்புகளுக்குத் தேவை. அது குறைந்தால் நோய். கிரைன்ஸின் பெயர் இன்று அதிகம் தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது. 1929-ல் நோபல் பரிசு ஐக்மானுக்கும் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஹாப்கின்ஸுக்கும் போனது.

ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ வேறு வழியில் இதே இடத்தை நெருங்கினார். ஒரு பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்து 25 பேர் இறந்தார்கள். 1884-ல் அதே கடல்வழியில் உணவை மாற்றி இன்னொரு கப்பலை அனுப்பினார். பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. குறைந்தது புரதம் என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் உயிர்கள் பிழைத்தன. ஜப்பானியத் தரைப்படையோ கிருமிக் கொள்கையை விடவில்லை. வெள்ளைச் சோறு தின்ற அதன் வீரர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 1904-05 ரஷ்யப் போரில் பெரிபெரியால் பாதிக்கப்பட்டார்கள்.

மலாயாவுக்குத் திரும்புவோம். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905-ல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. பச்சரிசி தின்ற 120 பேரில் 36 பேருக்கு நோய் வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் தின்றவர்களில் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்த இருவரைத் தவிர யாருக்கும் வரவில்லை. உணவால் நோய் வருகிறது என்று ஃபிளெட்சர் நம்பவில்லை. அதைப் பொய்யென்று காட்டத்தான் இதைச் செய்தார். ஆனாலும் சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்கள் மீது நடத்திய சோதனை இது. அந்தப் பதினெட்டு உயிர்களின் மேல்தான் இந்த அறிவு நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. பிறகு ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்கள் 300 பேரிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் ஆளோடும் இடத்தோடும் போகவில்லை, அரிசியோடு போனது.

புழுங்கலில் அப்படி என்ன நடக்கிறது? நெல்மணியின் தயமின் சத்து, அதாவது வைட்டமின் பி1, பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டினால் இரண்டும் உரிந்து மாட்டுத் தீவனமாகிவிடும். நெல்லை ஊறவைத்து அவித்தால், தண்ணீரில் கரையும் அந்தச் சத்து மேலடுக்கிலிருந்து மணியின் உட்புறத்துக்கு இறங்குகிறது. வெந்த மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு தவிட்டை நீக்கினாலும் கணிசமான அளவு உள்ளேயே தங்கிவிடுகிறது. அரிசியைக் களையும்போது போகும் இழப்பும் குறைகிறது. நெல்லை அவித்துக் களத்தில் காயவைத்த பெண்கள் இதற்காக அதைச் செய்யவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, குறுணை குறையும், பூச்சி எளிதில் அண்டாது. அந்த வசதிக்காகச் செய்த வேலை, கடல் கடந்து போன பேரப்பிள்ளைகளின் இதயத்தைக் காத்தது.

ஒரு நாளைக்கு வேண்டிய தயமின் 1.2 மில்லிகிராம் அளவுதான். ஆனால் உடல் அதை அதிகம் சேமித்து வைப்பதில்லை. வரத்து நின்றால் சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்க இந்தச் சத்து தேவை. ஆகவே சோற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத தட்டில் தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. ஆற்றல் அதிகம் வேண்டும் நரம்பும் இதயமும் முதலில் அடிபடுகின்றன. நீராவி ஆலைகள் ரங்கூனிலும் சைகோனிலும் பாங்காக்கிலும் பெருகிய பிறகு இந்த நோய் கொள்ளைநோயாகப் பெருகியதும் இதனால்தான்.

தவிட்டிலிருந்து அந்தப் பொருளை 1926-ல் படேவியாவிலேயே யான்சனும் டோனாத்தும் படிகமாகப் பிரித்தார்கள். அதன் வேதியமைப்பைக் கண்டு 1936-ல் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கப் பாதிரியாரின் மகனான அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். அதே மாகாணத்தில், பச்சரிசி உண்ட வடக்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்தது. குன்னூரில் ஆய்வகம் நடத்திய ராபர்ட் மெக்கரிசன் 1920-களில் இதை ஆராய்ந்தார். அங்கே வளர்ந்த அந்தக் கூடம்தான் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

பெரிபெரி ஒழிந்துவிடவில்லை. கம்போடியாவிலும் லாவோஸிலும் காஷ்மீரிலும் இன்றும் தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு வருகிறது. பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்று தாய்க்கு வெள்ளைச் சோற்றையே பெரும்பாலும் கொடுத்தால், பாலில் தயமின் வற்றிப்போகிறது. குழந்தைக்கு மூச்சு வாங்கும், அழுகைச் சத்தம் எழாது, இதயம் தளரும். பார்த்தவுடன் நிமோனியா என்றோ இரத்தத்தில் கிருமித் தொற்று என்றோதான் தோன்றும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பயன் இருக்காது. விவரம் தெரிந்த மருத்துவர், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், விலை மலிவான தயமின் ஊசியை உடனே போட்டுவிடுகிறார். சில மணி நேரத்தில் மூச்சு சீராகி, குழந்தை வாய்விட்டு அழத் தொடங்குகிறது.