புதிய பள்ளியும் புதிய மாணவரும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் வெளிநாட்டு மாணவர்கள் பலர் பயில்கின்றனர். பெற்றோருக்கு இங்கு வேலை கிடைத்ததால் தமிழகத்திலிருந்து வரும் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். புதுச் சீருடையை ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஆனால், ‘இது என் பள்ளி’ என்னும் உணர்வு அவ்வளவு விரைவில் வந்துவிடுவதில்லை.

முதல் சிக்கல் வகுப்பில் சேரும்போதே தொடங்குகிறது. தமிழகத்தில் கல்வியாண்டு வழக்கமாக ஜூன் மாதத்தில் தொடங்கும். சிங்கப்பூரில் ஜனவரியில் தொடங்கும். எனவே, ஊரில் ஒரு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர நேரிடலாம். அரசாங்கப் பள்ளியில் சேர விரும்பும் வெளிநாட்டு மாணவர்களுக்கான தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் சோதிக்கப்படுகின்றன. தேர்வில் காட்டும் திறன், வயது, பள்ளியில் உள்ள காலியிடம் ஆகியவற்றைப் பொறுத்தே வகுப்பு முடிவாகும். சிலர் முன்பு படித்ததைவிடக் கீழ்வகுப்பில் சேர்க்கப்படுவதும் உண்டு. ஊரில் நன்றாகப் படித்த மாணவருக்குத் தம்மைவிட இளையவர்களோடு அமர்வது மனத்தை உறுத்தும்.

அடுத்த சிக்கல் மொழி. இங்குத் தாய்மொழிப் பாடம் நீங்கலாகப் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. ஊரில் ஆங்கில வழியில் பயின்றவர்கூட இடைவேளையில் திணறுவார். மலாய், சீனச் சொற்கள் கலந்து, ‘லா’ என்று முடியும் பேச்சைப் பாடநூலில் கற்க முடியாது. நண்பர்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்பது புரிவதற்குள் பேச்சு வேறு திசைக்குச் சென்றுவிடும். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு எவரேனும் நகைத்துவிட்டால், அடுத்த முறை அவர் கையை உயர்த்தமாட்டார்.

தமிழ் வகுப்பு அவருக்கு ஆறுதல் அளிக்கும். எனினும், அங்கும் சிறு வேறுபாடுகள் உண்டு. காலை உணவு உண்பதை இங்குள்ள தமிழர்கள் ‘பசியாறுதல்’ என்பர். “பசியாறிவிட்டாயா?” என்று தோழர் அன்போடு கேட்டாலும், புதியவர் சற்று விழிக்கத்தான் செய்வார்.

இத்தகைய சூழலில் சில மாணவர்கள் பல வாரங்கள் அதிகம் பேசாமல் இருப்பர். மொழி கற்பித்தல் துறையினர் இதனை ‘மௌனக் காலம்’ என்பர். அம்மாணவர் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டும் கவனித்துக்கொண்டும் இருக்கிறார். குடியேறிய மாணவர்களின் மொழி வளர்ச்சியைக் கனடாவில் ஆராய்ந்தவர் ஜிம் கம்மின்ஸ். அன்றாட உரையாடலுக்கு வேண்டிய மொழித்திறன் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவரும் என்றும், பாடங்களைப் படித்து எழுதத் தேவையான மொழித்திறனில் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்றும் அவர் விளக்கினார்.

இதனை அறியாதவர்கள் இருவகையில் தவறாக எண்ணக்கூடும். பேசாத மாணவரை அறிவு குறைந்தவர் என்று கருதுவர். அவரே சரளமாகப் பேசப் பழகிய பின்னர்த் தேர்வில் தடுமாறினால், சோம்பேறி என்று முடிவுகட்டுவர். இவ்விரண்டு முடிவுகளும் ஒரு மாணவரின் தன்னம்பிக்கையைச் சிதைத்துவிடும். பெற்றோரும் புதிய ஊரில் சிரமப்படுவதைக் காணும் பிள்ளை, தன் துன்பத்தை வீட்டிலும் சொல்லாமல் மறைக்கும். “பள்ளி எப்படி இருக்கிறது?” என்று அம்மா கேட்டால், “நல்லா இருக்கும்மா” என்ற பதிலே வரும்.

இந்நிலையை மாற்றப் பெரிய திட்டங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. புதியவருக்குத் துணையாக ஒரு தோழரை ஆசிரியர் நியமிக்கலாம். உணவகத்தில் எந்த வரிசையில் நிற்பது, எந்தப் பேருந்தில் ஏறுவது என்பவற்றை அத்தோழர் சொல்லித் தருவார். இணைப்பாட நடவடிக்கைகளும் கைகொடுக்கும். சதுரங்கம் ஆடவோ பந்தைத் தட்டவோ சரளமான ஆங்கிலம் தேவையில்லை. புதியவரின் பெயரைச் சுருக்காமலும் கேலி செய்யாமலும் சரியாக அழைப்பதும் ஓர் உதவியே.

இரு கை தட்டினால்தான் ஓசை எழும் என்பர். புதியவர் இவ்வூர் வழக்கங்களைக் கற்றுக்கொள்ள முயல வேண்டும். உடன் பயில்பவர்கள் அதற்கு அவகாசம் தர வேண்டும். சிங்கப்பூரர் பலரின் முன்னோர்களும் ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கிய புதியவர்களே. இடைவேளையில் தனியாக அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சென்று, “எங்களோடு வந்து உட்கார்” என்று அழைக்க ஒரு நிமிடம் போதும். அவ்வழைப்பிற்காக அவர் பல நாள் காத்திருந்திருக்கலாம்.